தேனீ தீண்டாத வெள்ளரி: வீட்டுப் பசுமைக்குடிலில் விதையில்லாக் காய்

பசுமைக்குடிலுக்குள் வைத்தால் எந்த வெள்ளரியும் விதையில்லாமல் காய்க்கும் என்று நம்பி, கையிலிருக்கும் சாதாரண வெள்ளரி விதையை உள்ளே ஊன்றுகிறவர்கள் உண்டு. கொடி செழிப்பாகவே ஓடும். மஞ்சள் பூக்கள் வரும். பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நீளத்தில் பிஞ்சும் தெரியும். பிறகு அந்தப் பிஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளித்து, சுருங்கி, உதிர்ந்துவிடும். உரம் போதவில்லையோ, தண்ணீர் கூடிவிட்டதோ என்று மண்டையை உடைத்துக்கொண்டால் விடை கிடைக்காது. உள்ளே தேனீ இல்லை; அந்த ரகத்துக்குத் தேனீ இல்லாமல் காய்க்கத் தெரியாது. அவ்வளவுதான்.

விதையில்லாமல் காய்ப்பது ரகத்தின் பிறவிக் குணம். பசுமைக்குடில் அந்தக் குணத்தை உண்டாக்குவதில்லை. தேனீயை வெளியே நிறுத்தி அதைக் காப்பாற்றித் தருகிறது. இது பிடிபட்டுவிட்டால் எந்த விதையை வாங்குவது, எதைக் கிள்ளுவது, எதைக் கண்டு பதறக் கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

பூவுக்குள் என்ன நடக்கிறது

சாதாரண வெள்ளரிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். ஆண் பூ மெல்லிய காம்பில், பெரும்பாலும் கொத்தாக இருக்கும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம்: இதழ்களுக்குக் கீழே குட்டி வெள்ளரி ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் சூலகம். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து பெண் பூவில் சேர்த்தால் சூல்கள் கருவுற்று விதையாகத் தொடங்கும். வளரும் விதைகள் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். அதுதான் சூலகத்தைச் சுற்றியுள்ள சதையைப் பெருக்கவைக்கும் கட்டளை. விதை உருவாகாவிட்டால் கட்டளை இல்லை. பிஞ்சைச் செடி கைவிட்டுவிடும்.

விதையில்லா ரகத்தில் இந்தக் கட்டளைக்கு விதை தேவைப்படுவதில்லை. மகரந்தம் படாமலே சூலகத்துக்குள் ஹார்மோன் போதுமான அளவுக்கு எழும்பிவிடுகிறது. பூ விரிந்தாலும் விரியாவிட்டாலும் பிஞ்சு பெருக்கத் தொடங்கிவிடும். காயை அறுத்தால் நடுவில் வெள்ளையாக, மெல்லிய செதில் போன்ற தடங்கள் தெரியும். அவை கருவுறாத சூல்கள். கடித்தாலும் பல்லில் படாது.

இப்படிக் கருவுறாமல் காய்ப்பதற்குப் பார்த்தினோகார்ப்பி என்று பெயர். நம் பாடநூல்களில் கருவுறாக் கனி என்று படித்திருப்பீர்கள். இந்தப் பெயரை 1902இல் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் நோல். அவர் அதைக் கவனித்ததும் வெள்ளரியில்தான். பின்னர் 1936இல் அமெரிக்காவின் ஃபீலிக்ஸ் குஸ்டாஃப்சன், தக்காளி உள்ளிட்ட சில செடிகளின் பூக்களில் மகரந்தத்துக்குப் பதிலாக வளர்ச்சி ஹார்மோன்களைத் தடவி, விதையில்லாத காய்களை வரவழைத்துக் காட்டினார். விதை இல்லாவிட்டாலும் ஹார்மோன் இருந்தால் காய் திரளும் என்பது அதிலிருந்து உறுதியானது.

விதையில்லாப் பழங்கள் எல்லாமே இந்த வழியில் வருவதில்லை. வாழைப்பழம் வெள்ளரியின் கட்சி, கருவுறாமலே திரளும். விதையில்லாத் திராட்சையில் பல ரகங்கள் கருவுறத்தான் செய்கின்றன. ஆனால் கரு சிறிதாக இருக்கும்போதே கருகிவிடும். விதையில்லாத் தர்பூசணி மும்மடிக் குரோமோசோம் கொண்டது. காய்க்கத் தூண்ட அதற்கு மகரந்தம் வேண்டும், அதனால் பக்கத்தில் சாதாரணத் தர்பூசணியும் வளர்க்க வேண்டும். ஆகவே தர்பூசணிக்குச் சொன்ன அறிவுரையை எடுத்து வெள்ளரிக்குப் பொருத்தினால் வேலை கெட்டுவிடும். அங்கே தேனீயைக் கூப்பிட வேண்டும். இங்கே கதவைச் சாத்த வேண்டும்.

தேனீ உள்ளே வந்துவிட்டால்?

கொடிக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் சாதாரண வெள்ளரி வளர்ந்து, அதன் மகரந்தத்தோடு தேனீ உள்ளே புகுந்தால், அது உட்கார்ந்த பூக்களில் விதை பிடிக்கும். விதை பிடித்த இடத்தில் மட்டும் சதை அதிகமாகப் பெருக்கும். அதனால் காய் சீராக நீளாமல், நுனி உருண்டு கதாயுதம்போல் ஆகிவிடும். சாப்பிடலாம், தவறில்லை. ஆனால் இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றும்.

வெள்ளரியின் மகரந்தம் மட்டும்தான் இதைச் செய்யும். பூசணி, சுரை, பீர்க்கு, முலாம்பழம் ஆகியவற்றின் மகரந்தம் வெள்ளரியைக் கருவுறச் செய்யாது. ஆகையால் வெளியே பூசணி படர்ந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சாதாரண வெள்ளரி எங்காவது இருந்தால்தான் கவலை. தேனீயை மட்டும் தடுக்க ஜன்னலிலும் கதவிலும் கொசுவலை அடித்தாலே போதும்.

பிரச்சினை வேறொரு பக்கத்திலிருந்தும் வரும். அதே குடிலில் பூசணியோ முலாம்பழமோ வளர்த்தால் அவற்றுக்குத் தேனீ தேவை. ஒன்று அவற்றின் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அவற்றை வெளியே அனுப்ப வேண்டும். தக்காளியோடு சேர்த்து வளர்ப்பதும் எனக்கு உவப்பில்லை. தக்காளிக்குக் கொஞ்சம் உலர்ந்த காற்று பிடிக்கும், வெள்ளரிக்கு ஈரக்காற்று. ஒரே அறையில் இரண்டையும் வைத்தால் யாராவது ஒருவர் முகம் வாடித்தான் இருப்பார். குடைமிளகாய் ஓரளவு ஒத்துப்போகும்.

விதைப் பாக்கெட்டில் கவனிக்க வேண்டியது

தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பாக்கெட்டில் இரண்டு வேறு குணங்கள் குறிப்பிடப்பட்டிருக்கும். ஒன்று கைனோஷியஸ்: கொடியில் எல்லாம், அல்லது கிட்டத்தட்ட எல்லாம், பெண் பூக்களே வரும். மற்றது பார்த்தினோகார்ப்பிக்: மகரந்தம் இல்லாமலே காய்க்கும். இரண்டும் ஒன்றல்ல. பெண் பூ மட்டும் பூத்து, காய்க்க மகரந்தம் தேவைப்படும் வீரிய ஒட்டு ரகங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் ஆண் பூ பூக்கும் வேறொரு ரகத்தின் விதைகளையும் கொஞ்சம் கலந்திருப்பார்கள். பல சமயம் அவற்றுக்கு வேறு சாயம் ஏற்றியிருக்கும். அந்தப் பாக்கெட்டை வாங்கி வலைக்குள் நட்டால் பூ மட்டும்தான் மிஞ்சும்.

நமக்கு வேண்டியது இரண்டு குணமும் சேர்ந்த ரகம். பெண் பூவே வந்தால் கணுவுக்குக் கணு பிஞ்சு இருக்கும். உள்ளேயே மகரந்தம் உண்டாகி விதை பிடிக்கும் வாய்ப்பும் குறையும். அப்படியும் வெயிலின் கடுமையிலோ, கொடி வேறு விதமாக வாடும்போதோ ஓரிரண்டு ஆண் பூ எட்டிப் பார்க்கலாம். கண்டால் கிள்ளிவிடுங்கள்.

காயின் அளவில் பெரிய பிரிவு இரண்டு. 30 முதல் 40 செ.மீ. வரை நீளும் ஐரோப்பிய நீள வெள்ளரி ஒன்று. 12 முதல் 18 செ.மீ. நீளமுள்ள பெய்ட் ஆல்ஃபா வகைக் குட்டை வெள்ளரி மற்றொன்று. இஸ்ரேலில் அதே பெயர் கொண்ட கிப்புட்ஸ் குடியிருப்பில் உருவானது. இரண்டுக்கும் தோல் மெல்லியது, சீவ வேண்டாம். முதன்முறை வளர்ப்பவருக்கு நான் குட்டை வகையைத்தான் சொல்வேன். ஒரு கணுவில் இரண்டு மூன்று காய் விட்டாலும் தாங்கும், சீக்கிரம் பறிப்புக்கு வரும், ஒன்று கோணிப்போனாலும் பெரிய இழப்பில்லை. நீள வெள்ளரி பார்க்க அழகு. ஆனால் வெப்பநிலையிலும் தண்ணீரிலும் கண்டிப்பு கேட்கும்.

விதையில்லாத காய்க்கு விதை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது. வெள்ளரியில் எத்திலின் என்னும் ஹார்மோன் பெண் பூவையும், ஜிப்ரலின் என்னும் ஹார்மோன் ஆண் பூவையும் தூண்டும். விதை உற்பத்தி செய்பவர்கள் தாய்ச் செடிகள் சிலவற்றில் ஜிப்ரலினையோ, எத்திலினின் வேலையைத் தடுக்கும் வெள்ளிச் சேர்மக் கரைசலையோ தெளிப்பார்கள். பெண் பூ மட்டுமே பூக்க வேண்டிய கொடி ஆண் பூவும் பூக்கும். அந்த மகரந்தத்தைத் தேனீயாலோ கையாலோ சேர்த்தால் கொடி சமர்த்தாக விதை வைத்துக் காய்க்கும். கருவுறாமல் காய்க்கத் தெரியும் என்றுதான் பொருள். கருவுறவே முடியாது என்று பொருளில்லை. இவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் விதை வாங்கத்தான் வேண்டும். விதை விலை கூடுதல், பாக்கெட்டில் எண்ணிக்கை குறைவு. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மூன்று கொடி தாராளம்.

குடிலும் வெக்கையும்

கண்ணாடியோ பாலித்தீன் தாளோ, வேலை ஒன்றுதான்: வெயிலை உள்ளே விட்டு, சூடான காற்றை வெளியே போகவிடாமல் பிடித்துவைப்பது. குளிர் நாடுகளில் இது வரம். வெப்ப நாடுகளில் அதே குடில் நண்பகலில் அடுப்பாகிவிடும். எங்கே இருந்தாலும் வெள்ளரி கேட்பது ஒன்றே: பகலில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ், இரவில் 18 முதல் 20 டிகிரி. 12 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று இலை வெளிறும். 35 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் பிஞ்சு உதிரும், காய் கோணும்.

வெப்ப நாட்டில் இருப்பவர் குடிலைச் சூடாக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். காற்று வெளியேறும் வழியைப் பற்றி யோசியுங்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கூரையில் திறப்பு இருப்பது அவசியம். பக்கவாட்டில் மட்டும் திறந்தால் பாதிப் பயன்தான். எல்லாத் திறப்புகளையும் கூட்டினால் தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது வர வேண்டும். வலை அடித்த திறப்பில் காற்றோட்டம் குறையும், ஆகவே இன்னும் தாராளமாக விடுங்கள். கோடையில் 35 முதல் 50 சதவீத நிழல்வலை போதும். அதற்கு மேல் போனால் கொடி வெளிச்சம் தேடி நீண்டு மெலியும். வெக்கையான இடங்களில் நாலு பக்கமும் பூச்சிவலை அடித்து, மேலே மழைக்கு மட்டும் தாள் போட்ட கூடாரமே நல்ல பசுமைக்குடில் என்பேன்.

குளிர் நாட்டில் வேறு சிக்கல். முழுக்க மூடிய குடிலுக்குள் இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடும். வெயில் ஏறியதும் கொஞ்ச நேரமாவது திறந்து புதுக் காற்று விட வேண்டும்.

விதைப்பும் நடவும்

வெள்ளரி வேருக்குக் கை பட்டால் பிடிக்காது. அதனால் ஒரு குழியில் ஒரு விதை வீதம் குழித்தட்டிலோ சிறு தொட்டியிலோ விதைத்து, வேர்க்கட்டி உடையாமல் எடுத்து நடுவது நல்லது. ஆழம் 1 முதல் 1.5 செ.மீ. மண் 25 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பாக இருந்தால் 3 முதல் 5 நாளில் முளை தெரியும். மண் குளிர்ந்திருந்தால் விதை அழுகும். இந்த விதை விலைக்கு, அழுகவிட மனசு வராது.

இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும் நடலாம். தக்காளி நாற்றைத் தண்டு வரை புதைத்து நடுவதுபோல இதை நடக் கூடாது. தண்டு மண்ணுக்குள் போனால் அடித்தண்டு அழுகும். வேர்க்கட்டியின் மேல்மட்டம் மண்மட்டத்தோடு சமமாகவோ கொஞ்சம் மேடாகவோ இருக்கட்டும். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். இரண்டு செடிக்கு நடுவே இன்னொன்றைச் சொருகினால் கூடுதல் காய் கிடைக்காது. கூடுதல் சாம்பல் நோய்தான் கிடைக்கும்.

தரையில் நடுவதானால் நிறைய மட்கிய தொழுவுரம் சேர்த்த, நீர் தேங்காத மண் வேண்டும். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் வெள்ளரி நட்டால் வேர்முடிச்சு நூற்புழு குடியேறிவிடும். அதனாலேயே பலர் பையிலும் தொட்டியிலும் வளர்க்கிறார்கள். கொடிக்கு 15 லிட்டராவது கொள்ளும் தொட்டி வேண்டும், 20 என்றால் நிம்மதி. தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கும். நன்றாக அலசிவிட்டு மட்கு உரத்தோடு கலந்து நிரப்புங்கள். வெள்ளரி உப்பைச் சகிக்காத பயிர்.

கொடியை ஏற்றுவதும் காயைக் கழிப்பதும்

இனி வருவதுதான் இந்தப் பயிரின் மையம்.

சாதாரண வெள்ளரியில் எத்தனை காய் என்பதைத் தேனீயின் வருகை கொஞ்சம் கட்டுப்படுத்தும். விதையில்லா ரகத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கணுவுக்குக் கணு பெண் பூ. ஒவ்வொரு பெண் பூவும் காயாகத் தயார். செடிக்கோ அத்தனைக்கும் சோறு போட இலை போதாது. விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு வாரம் காய் கொட்டும். அடுத்த வாரங்களில் மேலே வரும் பிஞ்சுகளெல்லாம் மஞ்சளித்து விழும், கொடியின் நுனி மெலியும், வேர் சோரும். பிறகு எல்லாம் தேறி மறுபடி ஒரு கொட்டு. இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் கையில் கத்தரிக்கோல்.

கூரைக்குக் கீழே, தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பி கட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் அதிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, தண்டின் அடியில் தளர்வாக முடியுங்கள். கொடி வளர வளர நுனியைக் கயிற்றில் ஒரே திசையில் சுற்றிவிட வேண்டும். வெதுவெதுப்பும் வெயிலும் இருந்தால் ஒரு நாளைக்கு 5 செ.மீ.க்கு மேலும் வளரும். ஆகவே இரண்டு நாளுக்கொரு முறை கவனிக்கத் தவறினால் நுனி தொங்கி ஒடியும். பற்றுக்கம்பிகளைக் கிள்ளிவிடலாம். கயிறு இருக்கும்போது அவை செடியின் சக்தியை வீணாக்கும், பக்கத்துக் கொடியின் காயைச் சுற்றிக்கொண்டு தொல்லையும் தரும்.

முதல் 60 செ.மீ. உயரம் வரை, அதாவது ஏறக்குறைய முதல் ஆறு ஏழு கணுக்களில், பூ, பிஞ்சு, பக்கக் கிளை எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். இலையை மட்டும் விடுங்கள். முதல் பிஞ்சைக் கிள்ள யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த ஒரு காய்க்காகச் செடி வேர் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். மேலும் நீள வெள்ளரியாக இருந்தால் கீழ்க் கணுவில் விட்ட காய் தரையில் முட்டிக் கோணிப்போகும்.

அதற்கு மேலே கம்பி வரை, நீள வகையில் கணுவுக்கு ஒரே காய். குட்டை வகையில் இரண்டு வரை விடலாம். கொடி வலுவாக இருந்தால் மூன்று. பக்கக் கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். கம்பியைத் தொட்டதும் இரண்டு மூன்று இலை கடந்து நுனியைக் கிள்ளி, உச்சியிலுள்ள இரண்டு பக்கக் கிளைகளைக் கம்பிமேல் போட்டு இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். விரித்த குடைபோல் தெரியும் என்பதால் இதைக் குடை முறை என்கிறார்கள். தொங்கும் கிளைகளில் இரண்டாம் சுற்றுக் காய் வரும்.

இப்படிச் செய்தும் சில பிஞ்சுகள் மஞ்சளித்து உதிரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். தேனீ வராததால் உதிரவில்லை. செடி தானே கணக்குப் பார்த்துக் கழிக்கிறது. மேகமூட்டமான வாரத்தில் அதிகம் உதிரும், ஏனென்றால் அந்த வாரம் இலை சமைத்த உணவு குறைவு. பிஞ்சு அத்தனையும் உதிர்ந்து, நுனியும் சுருங்கினால்தான் வேரையும் வெப்பத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

அடியிலுள்ள மஞ்சளித்த இலைகளை, அவற்றுக்கு மேலுள்ள காய்களைப் பறித்தபின் நீக்கலாம். காற்றோட்டம் கூடும். பச்சை இலையை அழகுக்காக வெட்டாதீர்கள்.

தண்ணீரும் உரமும்

வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். நன்கு வளர்ந்த கொடி ஒன்று வெயில் நாளில் 2 முதல் 4 லிட்டர் வரை குடிக்கும். அளவைவிட ஒழுங்குதான் முக்கியம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் நடு ஒடுங்கி, நுனி கூம்பி, கசப்பும் ஏறும். தொட்டியாக இருந்தால் கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பிரித்து ஊற்றுங்கள். சொட்டுநீர் வைத்தால் இன்னும் நல்லது. இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் சில்லென்ற தண்ணீர் ஊற்றினால் வேர் வேலைநிறுத்தம் செய்யும். குடிலுக்குள்ளேயே ஒரு வாளியில் வைத்திருந்து ஊற்றலாம்.

பல நாள் மூடாப்புக்குப் பிறகு திடீரென்று வெயில் அடித்தால், மண்ணில் ஈரம் இருந்தும் கொடி துவண்டு தொங்கும். இலை கேட்கும் வேகத்துக்கு வேரால் உறிஞ்ச முடியவில்லை. தண்ணீரை மேலும் ஊற்றி வேரை மூழ்கடிக்காமல், நிழல்வலையை இழுத்துவிடுங்கள். மாலையில் நிமிர்ந்துவிடும். மாலையிலும் நிமிராவிட்டால் வேர் அழுகல் என்று வைத்துக்கொள்ளலாம்.

உரத்தில் நுணுக்கம் பெரிதாக இல்லை. கொடி ஏறும்வரை தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், காய்க்கத் தொடங்கியபின் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம் வேண்டும். சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் விடுபடக் கூடாது. மண்ணின் கார அமிலத்தன்மை 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். ஒரேயடியாகக் கொட்டாமல், நீர்த்த கரைசலாக வாரம் ஒன்றிரண்டு முறை கொடுங்கள். இலை ஓரம் கருகினால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முறை வெறும் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள்.

வரக்கூடிய தொல்லைகள்

மாவு தெளித்ததுபோல் இலைமேல் வெள்ளைப் படலம் வந்தால் சாம்பல் நோய். இது வளர இலை நனைய வேண்டியதில்லை. நெருக்கமும் தேங்கிய காற்றும் போதும். இலையின் மேல்புறம் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளியும் கீழே சாம்பல் பூத்த படலமும் தெரிந்தால் அடிச்சாம்பல் நோய். இதற்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். மூடிய குடிலில் விடியற்காலை கூரையிலிருந்து சொட்டும் பனிநீரே அதற்குப் போதும். காலையில் சீக்கிரம் திறந்து இலையை உலரவிடுவது மருந்தைவிடப் பலன் தரும். நோய் எதிர்ப்புள்ள ரகங்களும் கிடைக்கின்றன. விதை வாங்கும்போதே சாம்பல் நோய்த் தாங்குதிறன் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பூச்சிகளில் வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், சிவப்புச் சிலந்திப்பேன் ஆகியவை வரும். மழையும் காற்றும் இல்லாத, இரை பிடிக்கும் பூச்சிகளும் நுழையாத குடில் இவற்றுக்கு மாமியார் இல்லாத வீடு. மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டு, என்ன வந்திருக்கிறது என்று வாரம் ஒரு முறை பாருங்கள். தொடக்கத்திலேயே கண்டால் இலையின் அடிப்புறம் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசலோ சோப்புக் கரைசலோ தெளித்துச் சமாளிக்கலாம். வெயில் ஏறிய நேரத்தில் தெளித்தால் இலை வெந்துவிடும், மாலைதான் சரி.

சிலந்திப்பேன் பற்றி ஒரு விந்தையான செய்தி. வெள்ளரிக்குக் கசப்பு தருவது குக்கர்பிட்டாசின் என்னும் பொருள். புதிய குடில் ரகங்கள் பலவற்றில் ஒரு மரபணு மாற்றத்தால் அது இலையிலேயே உண்டாவதில்லை, காய் கசப்பதில்லை. ஆனால் அந்தக் கசப்பு செடிக்கு ஒரு கவசமும்கூட. கசப்பற்ற கொடிகளைச் சில வண்டுகள் சீண்டுவதில்லை, ஏனென்றால் அவற்றை ஈர்ப்பதே அந்தக் கசப்புதான். சிலந்திப்பேனுக்கோ அதே கொடி விருந்து. நாக்குக்கு நாம் வாங்கிய வசதிக்கு இலை விலை கொடுக்கிறது. இலைமேல் நுண்ணிய வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தவுடன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த வெக்கையில் இவை தலைகால் தெரியாமல் பெருகும்.

கோணல்

காய் கோணுவதற்குக் காரணம் பல: கயிறோ தண்டோ இலைக்காம்போ தடுத்தல், தண்ணீர் முறைகேடு, பிஞ்சின் ஒரு பக்கத்தை இலைப்பேன் சுரண்டுதல், அதிகப் பாரம். ரயில் இன்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஓய்வுக்குப்பின் தோட்டத்தில் இறங்கி, வெள்ளரி நேராக வளர வேண்டும் என்பதற்காகக் கண்ணாடிக் குழாய்களைச் செய்வித்துப் பிஞ்சுகளை அவற்றுக்குள் வளரவிட்டார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிஞ்சு விரல் அளவில் இருக்கும்போது தடையின்றித் தொங்குமாறு நகர்த்திவிட்டால் ஈர்ப்பு விசையே இழுத்து நேராக்கிவிடும். அதிலும் கோணியதைச் சின்னதிலேயே கிள்ளிவிடுங்கள். அந்த உணவு அடுத்த காய்க்குப் போகட்டும்.

பறிப்பு

குட்டை வகை பூத்து ஒரு வாரம் பத்து நாளிலும், நீள வகை சுமார் இரண்டு வாரத்திலும் பறிப்புக்கு வரும். ஏறக்குறைய உருளையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக, கரும்பச்சையாக இருப்பது பக்குவம். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டால் தோல் தடித்து மஞ்சள் ஏறும். அதைவிட மோசம், அந்த ஒரு காய் மேலே உள்ள நாலு பிஞ்சின் சோற்றை உண்டுவிடும். பருவம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டு நாளுக்கொரு முறை பறியுங்கள். இழுத்துப் பிய்க்காமல், கொஞ்சம் காம்போடு கத்தரியுங்கள். வைரஸ் நோய்கள் சாறு வழியாகப் பரவும் என்பதால் ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குப் போகுமுன் கத்தியைச் சுத்தமாகத் துடைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

தோல் மெல்லியது என்பதால் காற்றுப்பட வைத்தால் இரண்டு நாளில் சுருங்கும். ஈரம் போகாமல் உறையில் சுற்றி 10 முதல் 13 டிகிரியில் வைத்தால் நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் உள்தட்டு அதைவிடக் குளிரானது. அங்கே நாள்கணக்கில் இருந்தால் தோலில் குழிகள் விழுந்து நீர் கோக்கும். கதவுத் தட்டில் வையுங்கள், சீக்கிரம் சாப்பிடுங்கள். பழுத்த வாழைப்பழமோ தக்காளியோ பக்கத்தில் இருந்தால் அவை விடும் எத்திலினால் வெள்ளரி மஞ்சளித்துவிடும்.

ஒரு கொடி விதைத்த நாளிலிருந்து மூன்று நான்கு மாதம் உழைக்கும். அதற்குமேல் அதை இழுத்துப் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இலை கிழண்டபின் நோயும் பேனும்தான் வளரும். முதல் கொடியில் பறிப்பு மும்முரமாக இருக்கும்போதே அடுத்த தொட்டியில் இரண்டு விதை ஊன்றிவிடுங்கள். பழையதை வேரோடு எடுத்துக் குடிலுக்கு வெளியே போடும் நேரத்தில் புதியது கயிற்றில் ஏறத் தொடங்கியிருக்கும்.